ஹாம்லெட் பெண்ணானால் எந்தத் தூண் ஆடும்? பால்மாற்ற நாடக மறுபடைப்புகள்: ஒரு விளக்கம்

ஷேக்ஸ்பியரின் இளவரசன் இங்கே இளவரசி. அவள் காதலிப்பதும் ஒரு பெண்ணைத்தான். கதை நடப்பது மந்திரவாதிகள் ஆளும் ஒரு நாட்டில். இப்படி ஒரு நாடக அறிவிப்போ புத்தகப் பின்னட்டையோ கண்ணில் படும்போது குழப்பம் வருவது இயல்பு. இது பழைய நாடகமா, புது நாடகமா? ஆண் வேடத்தைப் பெண் போடுவது நம் மேடையில் எப்போதும் நடந்ததுதானே, இதில் புதிதாக என்ன? சிங்கப்பூரில் இதற்கு அனுமதி உண்டா? பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சொற்கள்

பாலினம் என்பது ஒருவர் தன்னை ஆண், பெண், திருநங்கை, திருநம்பி என்று உணர்வதும், சமூகம் அப்படி நடத்துவதும். பாலீர்ப்பு என்பது ஒருவருக்கு யார்மேல் காதல் வருகிறது என்பது. இரண்டும் வேறு வேறு. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், இருபாலீர்ப்பு உள்ளவர்கள், பிறந்தபோது சொல்லப்பட்ட பாலினத்தில் அடங்காதவர்கள் என எல்லாரையும் சேர்த்துச் சொல்ல ஆங்கிலத்தில் குயர் என்கிறார்கள். தமிழில் பால்புதுமை என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முயற்சியால் தமிழ்நாட்டு அரசு 2022-ல் இத்தகைய சொற்களுக்கு ஒரு தொகுப்பையே வெளியிட்டது. திட்டுச் சொற்களைத் தவிர வேறு சொல் தெரியாமல் இருந்த இடத்தில், மரியாதையாகப் பேச ஒரு வழி பிறந்தது. அதை நாம் சிங்கப்பூரிலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

மிகுபுனைவு என்பது ஃபேன்டசி. நம் உலகத்தின் விதிகளை மாற்றி, அந்தப் புது விதிகளுக்குள் கதையை நடத்துவது. மறுபடைப்பு என்பது தெரிந்த கதையை எடுத்து வேறொன்றாகக் கட்டுவது.

நான்கு வேறு வேலைகள்

“பால் மாற்றிய நாடகம்” என்ற ஒரே பெயரில் நான்கு வேலைகளைப் போட்டுக் கலக்கிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

1. வேடம் மாறுவது. பாத்திரம் ஆணாகவே இருக்கும், நடிப்பவர் பெண். 1899-ல் பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் ஹாம்லெட்டாக நடித்தார். மேடையில் நின்றது ஓர் இளவரசன்தான். கதையில் ஒரு வரியும் அதற்காக அசையவில்லை.

2. பாத்திரமே மாறுவது. 1921-ல் வந்த ஊமைப்படம் ஒன்றில் அஸ்டா நீல்சன் நடித்த ஹாம்லெட் பிறப்பில் பெண். வாரிசு வேண்டும் என்பதற்காக ஆண் பிள்ளை என்று ஊரை நம்பவைத்து வளர்க்கிறார்கள். இப்போது ஹாம்லெட்டின் தயக்கம், தனிமை, காதலி ஒஃபீலியாவிடம் காட்டும் விலகல், நண்பன் ஹொரேஷியோவிடம் உள்ள நெருக்கம் எல்லாவற்றுக்கும் வேறு காரணம் கிடைத்துவிடுகிறது.

3. உறவு மாறுவது. 2016-ல் லண்டன் குளோப் அரங்கில் எம்மா ரைஸ் இயக்கிய ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் ஹெலெனா என்ற பெண், ஹெலெனஸ் என்ற ஆணானார். டிமிட்ரியஸைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் அதே பாத்திரம்தான். டிமிட்ரியஸ் ஏன் விலகி ஓடுகிறான் என்பதற்கு மட்டும் ஒரு புதுப் பதில் வந்துவிட்டது: தன் மனத்தை ஒப்புக்கொள்ளும் பயம்.

4. உலகம் மாறுவது. பாத்திரங்கள் வாழும் நாட்டின் சட்டம், சொத்துரிமை, கடவுள், மந்திரம் எல்லாமே வேறு. மிகுபுனைவு இங்கேதான் வருகிறது.

பால்புதுமை மிகுபுனைவு மறுபடைப்பு என்றால் கடைசி மூன்றும் சேர்ந்தது. முதலாவது மட்டும் இருந்தால் அது நடிகர் தேர்வு, அவ்வளவுதான். விமர்சனம் எழுதுபவர்களே இதைப் பிரித்துப் பார்க்காமல் “எதற்கு இந்தப் புதுமோகம்” என்று கேட்டுவிடுகிறார்கள்.

நம் மேடைக்குப் பழைய வேலை

வேடம் மாறுவதில் தமிழர்களுக்குப் பாடம் எடுக்க யாரும் வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று பேடி ஆடல். ஆண்மை திரிந்த பெண் கோலத்தில் காமன் ஆடியது அது. அதாவது பெண் கோலம் பூண்ட ஆண் தெய்வத்தின் ஆட்டத்தை ஒரு பெண் ஆடுகிறாள். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும், தம்மைப் பெண்ணாகப் பாவித்து நின்று திருமாலுக்கு ஏங்கினார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் (சிறுவர்கள் நடித்த நாடகக் குழுக்களில்) நாயக வேடமான ராஜபார்ட்டுக்கு இருந்த மதிப்பு, பையன்கள் போட்ட பெண் வேடமான ஸ்திரீபார்ட்டுக்கும் இருந்தது. கே.பி.சுந்தராம்பாள் 1935-ல் நந்தனாராகவே திரையில் வந்தார். டி.கே.சண்முகம் ஔவைப் பாட்டியாக நடித்து ‘ஔவை சண்முகம்’ என்றே பெயர் வாங்கினார். யாரும் சிரிக்கவில்லை. கைகூப்பினார்கள்.

இங்கிலாந்திலும் 1660 வரை தொழில்முறை மேடையில் பெண் வேடங்களைச் சிறுவர்களும் இளைஞர்களும்தான் போட்டார்கள். ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் ரோசலிண்ட் என்ற பெண் ஆண் வேடம் பூணுவாள். அந்த ஆண் வேடத்தில் இருந்தபடியே காதலனிடம் “என்னை ரோசலிண்ட் என்று நினைத்துக் காதலித்துப் பார்” என்பாள். இதை நடித்தது ஒரு பையன். இந்த நாடகத்தைத்தான் பம்மல் சம்பந்த முதலியார் ‘விரும்பிய விதமே’ என்று தமிழாக்கினார்.

ஷேக்ஸ்பியருக்குச் சற்று முன்னால் ஜான் லிலி எழுதிய ‘கலாத்தியா’ (1592-ல் அச்சானது) இன்னும் துணிச்சலானது. கடல் அரக்கனுக்குப் பலி கொடுத்துவிடக் கூடாதே என்று இரண்டு தகப்பன்கள் தங்கள் மகள்களுக்குப் பையன் வேடம் போட்டுக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். உண்மை தெரிந்த பின்னும் காதல் மாறவில்லை. கடைசியில் வீனஸ், ஒருத்தியை ஆணாக்கித் தருகிறேன் என்கிறாள். யாரை என்று நாடகம் சொல்வதே இல்லை. பால்மாற்றம், தன்பால் காதல், மாயம் மூன்றும் 400 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மூல நாடகத்திலேயே இருக்கின்றன. பழசைக் கெடுக்கிறார்கள் என்று வருந்துபவர்கள் முதலில் அந்தப் பழசைப் படித்துவிட வேண்டும்.

எந்தத் தூண் ஆடுகிறது?

ஒரு நாடகத்தில் பாலை மாற்றும்போது, கதையைத் தாங்கி நிற்கும் ஏதோ ஒரு தூண் ஆட வேண்டும். எதுவும் ஆடவில்லை என்றால் பெயரைத்தான் மாற்றியிருக்கிறோம். ஆடிய தூணுக்குப் பதில் எதை நட்டார்கள் என்பதில்தான் எழுத்தாளரின் திறமை தெரியும்.

இப்சனின் ‘எ டால்ஸ் ஹவுஸ்’ (1879) நல்ல உதாரணம். நோரா என்ற மனைவி, நோயாளிக் கணவனைக் காப்பாற்றக் கடன் வாங்குகிறாள். அன்றைய நிலையில் கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது. அதனால் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். அந்தக் கள்ளக் கையெழுத்துதான் கதையின் அச்சாணி. கணவன் ஹெல்மர் அவளை வானம்பாடி, அணில் என்று கொஞ்சுவான். உண்மை தெரிந்த நாளில் சீறுவான். அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவாள்.

இப்போது இருவரின் பாலையும் மாற்றுங்கள். கணவன் கடன் வாங்கப் போகிறான். ஆனால் 1879-ல் ஆண் கடன் வாங்க யார் சம்மதமும் வேண்டாமே! கள்ளக் கையெழுத்துக்குத் தேவையே இல்லை. கதை அங்கேயே சரிந்துவிடும். கதையை நிமிர்த்த ஒரே வழி, ஆண்கள் சொந்தமாகக் கடன் வாங்க முடியாத ஒரு நாட்டை உண்டாக்குவது. சொத்து தாய்வழியில் போகும். வங்கி பெண்கள் கையில் இருக்கும். கையெழுத்துக்குப் பதில் இரத்தத்தால் இடும் மந்திர முத்திரை, அதுவும் பெண்ணின் இரத்தத்துக்கே பலிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மிகுபுனைவு ஏன் இந்த வகை மறுபடைப்புகளோடு ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதற்கு இதுதான் பதில். அலங்காரத்துக்காக டிராகனைக் கொண்டுவருவதில்லை. மாறிய பாலுக்கு ஏற்ற சட்டம் நம் உலகில் இல்லாததால், அதைத் தரும் உலகம் ஒன்று தேவைப்படுகிறது.

தமிழில் எழுதினால் என்ன நடக்கும்?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளும் இந்த விஷயத்தில் நான்கு விதம். மலாயில் ‘டியா’ என்றால் அவனும் அதுதான், அவளும் அதுதான். மாண்டரினில் எழுதும்போது வேறு எழுத்து, காதில் விழுவது ஒரே ‘தா’. ஆங்கிலத்தில் சுட்டுப்பெயர் மட்டும் மாறும், வினைச்சொல் மாறாது. தமிழில் வினையின் வாலிலேயே பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வந்தான், வந்தாள்.

அப்படியானால் தமிழில்தான் இது மிகக் கடினம் என்று தோன்றும். உண்மையில் பாதி மட்டுமே சரி. “நான் வந்தேன்”, “நீ வந்தாய்” இரண்டிலும் பால் இல்லை. காதலர் இருவர் மட்டும் நிற்கும் காட்சியில் பேச்செல்லாம் நான், நீதான். ஒரு காதல் காட்சியை ஆண்-பெண்ணுக்கு எழுதிவிட்டு, ஓர் எழுத்தும் மாற்றாமல் இரண்டு பெண்களிடம் கொடுக்கலாம். மூன்றாம் ஆள் உள்ளே வந்து “அவன் எங்கே?” என்று கேட்கும் நொடியில்தான் உலகம் பாலை நினைவுபடுத்துகிறது. அந்த மூன்றாம் ஆளின் வருகையை எங்கே வைப்பது என்பது தமிழில் எழுதுபவருக்குக் கிடைக்கும் அருமையான கருவி.

சங்க அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் இல்லாத காதலை நாம் 2000 ஆண்டுகளாகப் படித்துப் பழகியவர்கள். அதிலிருந்து பால் இல்லாத காதல் வசனத்துக்குத் தூரம் அதிகமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: விளிப்பில். டா, டி, ங்க, அத்தான், மச்சான், அண்ணி. ஹெல்மர் வீட்டைத் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு வீவக வீட்டுக்கு (அரசு அடுக்குமாடி வீட்டுக்கு) கொண்டுவந்தால் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“சாமானெல்லாம் வாங்கிட்டு வந்தியா?”
“வாங்கிட்டு வந்தேங்க.”

யார் கணவன், யார் மனைவி என்று சொல்லவே வேண்டாம். அந்த ஒரு ‘ங்க’ எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இப்போது இதே இரண்டு வரியை, முதல் வரியை மனைவிக்கும் இரண்டாவதைக் கணவனுக்கும் கொடுங்கள். அரங்கில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு ஆபத்தானது. பெண்டாட்டிக்குப் பயந்தவன், சேலை கட்டிய ஆண் என்று நம் சினிமா நகைச்சுவை பல பத்தாண்டுகளாகப் பழக்கிவிட்ட சிரிப்பு அது. நோராவின் துயரம் அதில் கரைந்துபோகும்.

இதைச் சமாளிக்கவும் மிகுபுனைவு உதவும். அந்த நாட்டில் எல்லாக் கணவர்களும் ‘ங்க’ போடுகிறார்கள், காவலன் போடுகிறான், அமைச்சரின் கணவர் போடுகிறார் என்றால், பத்து நிமிடத்தில் காது பழகிவிடும். சிரிப்பு அடங்கும். அப்புறம்தான் வலி தெரியும். கூடவே, நம் வீட்டில் இத்தனை நாள் அந்த ‘ங்க’வை யார் சுமந்தார்கள் என்பதும் உறைக்கும்.

சரி, இருவருமே பெண்கள் என்றால்? யார் ‘ங்க’ சொல்வது? ஒருத்தி மட்டும் சொன்னால் பழைய கணவன்-மனைவி அச்சையே வார்த்ததாகும். இருவரும் நீ, நீ என்றால் ஹெல்மருக்கு நோராமேல் இருந்த அதிகாரம் எங்கே வெளிப்படும்? சம்பளத்திலா, வீட்டுச் சாவியிலா, கேள்வி கேட்கும் தொனியிலா? ஆங்கிலத்தில் எழுதுபவர் இந்தக் கேள்வியைக் கடந்து போய்விடலாம். தமிழில் முதல் வரியிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

அல்லி காத்திருக்கிறாள்

ஷேக்ஸ்பியரையும் இப்சனையும் தேடிப் போகும் முன், கையில் இருப்பதைப் பார்க்கலாம். அல்லி அரசாணி கதையில் மதுரையை ஆளும் அல்லிக்கு ஆண்களே ஆகாது. அவளைச் சுற்றிக் காவலுக்கு நிற்பவர்களும் பெண்கள். அர்ச்சுனன் கண்ணன் துணையோடு பாம்பாக மாறி அவள் அறைக்குள் நுழைந்து, தூக்கத்தில் தாலி கட்டிவிடுகிறான். ‘அல்லி அர்ஜுனா’ ஒரு காலத்தில் ஊர் ஊராக ஓடிய நாடகம்.

இதைப் பால் மாற்றிப் பார்த்தால் வெளிவருவது காதல் கதையே கிடையாது. தூங்குகிறவர் சம்மதம் இல்லாமல் கட்டிய தாலி என்ற உண்மை, பழகிய கண்ணுக்கு மறைந்து கிடந்தது, பளிச்சென்று தெரியும். அல்லிக்குத் தன் தோழிகளில் ஒருத்திமேல் காதல் என்று வைத்தாலோ, அவள் ஏன் ஆண்களை விலக்கினாள் என்பதைக் ‘கர்வம்’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட முடியாது. தமிழில் யாராவது எழுத உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

பாரதப் போருக்காகப் பலியான அர்ச்சுனன் மகன் அரவானும் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் அரவானுக்கு இடம் உண்டு. தீமிதிக்கு முந்தைய சடங்குகளில் அவன் களப்பலியும் வருகிறது. சாகும் முன் அவனை மணக்க யாரும் முன்வராததால் கண்ணன் மோகினியாகி மணந்தான் என்ற கதையைத்தான் கூவாகத்தில் திருநங்கைகள் ஆண்டுதோறும் தாலி கட்டி, அறுத்து, அழுது வாழ்ந்துகாட்டுகிறார்கள்.

சிங்கப்பூரில் நடைமுறை என்ன?

1. குற்றச் சட்டம். ஆண்களுக்கு இடையேயான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 1938-ல் வந்தது. அதை நீக்கும் மசோதா 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே நேரத்தில், திருமணம் என்பதன் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காட முடியாதபடி அரசமைப்பும் திருத்தப்பட்டது.

2. மேடைக்கு அது தடையாக இருந்ததா? 377ஏ நாடகத்தைப் பற்றிய சட்டம் இல்லை. அது இருந்த காலத்திலேயே இங்கே இத்தகைய நாடகங்கள் நடந்தன. 2000-ல் நெசசரி ஸ்டேஜ் குழு மேடையேற்றிய அல்ஃபியான் சாத்தின் ‘ஏஷியன் பாய்ஸ்’ முதல் பாகம் இந்தத் தலைப்புக்கே இலக்கணம். சுவீடன் நாடகாசிரியர் ஸ்டிரின்ட்பெரி 1901-ல் எழுதிய ‘எ ட்ரீம் பிளே’யில் இந்திரனின் மகள் மனிதர்களின் துயரம் காணப் பூமிக்கு இறங்குவாள். ஆம், நம் இந்திரன்தான். அல்ஃபியானின் நாடகத்தில் அவள் இறங்குவது ஆண்களைக் காதலிக்கும் ஆண்களைத் தேடி. 2009-ல் வைல்ட் ரைஸ் குழு ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’டை முழுக்க ஆண் நடிகர்களோடு போட்டது. நடிகர் இவான் ஹெங் அதில் லேடி பிராக்னெல் என்ற சீமாட்டி.

3. உரிமமும் வயது வரம்பும். நாடகத்துக்கு உரிமமும் வயது வகைப்பாடும் தருவது தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். 377ஏ நீக்கத்தை அறிவித்தபோதே, ஊடகங்களில் இத்தகைய உள்ளடக்கத்துக்கு உயர்ந்த வயது வரம்பு தொடரும் என்று அரசு சொல்லிவிட்டது. மேடையில் ‘16 வயதுக்கு மேல்’ என்பது ஆலோசனை. ‘ஆர்18’ என்றால் 18 வயது ஆகாதவருக்கு நுழைவு இல்லை. பள்ளி மாணவர்களையும் குடும்பங்களையும் நம்பி இருக்கைகளை நிரப்பும் தமிழ்க் குழுவுக்கு இந்த ஒரு முத்திரையே வரவுசெலவைப் புரட்டிப்போடும்.

4. வேடமா, உறவா? மேலே பிரித்த நான்கு வேலைகள் இங்கே உதவும். ‘எமிலி ஆஃப் எமரல்டு ஹில்’ நாடகத்தின் பெரனாக்கன் அம்மாவாக இவான் ஹெங் பல முறை நடித்தபோது அது எல்லாரும் கொண்டாடிய குடும்ப நாடகம். ஆனால் 2016-ல் எஸ்பிளனேடில் நடந்த ‘லே மிஸராப்லே’ இசை நாடகத்தில் இரண்டு ஆண்கள் வேடிக்கையாக ஒரு நொடி முத்தமிட்டது புகாராகி, அந்த முத்தம் எடுக்கப்பட்டது. பொதுப் பார்வையாளருக்கான வகைப்பாட்டுக்காகக் கொடுத்த பிரதியில் அது இல்லை என்பது காரணம். வேடம் மாறினால் ஒரு கணக்கு, உறவு மாறினால் வேறு கணக்கு.

யாருடைய நாடகம்?

சிங்கப்பூரில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளோடு 70 ஆண்டுகள். ஷேக்ஸ்பியர் (மறைவு 1616), வைல்டு (1900), இப்சன் (1906), ஸ்டிரின்ட்பெரி (1912) எல்லாரையும் யாரிடமும் கேட்காமல் மாற்றலாம். 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதி ஆசிரியர்கள் என்றால் கவனம் தேவை. 1988-ல் ஒரு டச்சு நாடகக் குழு ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’வில் ஆண் பாத்திரங்களில் பெண்களை நடிக்கவைத்தபோது, அதை எழுதிய சாமுவேல் பெக்கெட் நீதிமன்றம் போனார். தீர்ப்பு குழுவுக்குச் சாதகமாக வந்தது. எல்லா நாட்டிலும் அப்படி வரும் என்று நம்ப முடியாது. இன்னொரு பொறி: மூலத்தின் பதிப்புரிமை முடிந்திருந்தாலும், கையில் இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கலாம்.

கடைசியாக, தமிழ்க் குழுக்கள் மட்டும் சந்திக்கும் ஒரு விஷயம். இங்கே தமிழ் நாடகங்களுக்கு மேடைக்கு மேலே ஆங்கில வசனத் திரை ஓடுவது வழக்கம். மேடையில் ஒருவர் “அவர் நேற்றே கிளம்பிட்டார்” என்கிறார். அது ஆணா பெண்ணா என்று தமிழ் கேட்பவருக்கு மூன்றாம் காட்சி வரை தெரியக் கூடாது என்பது இயக்குநரின் திட்டம். மேலே திரையில் ‘ஹீ’ என்று விழுந்துவிட்டால் அரங்கில் பாதிப் பேருக்கு இரகசியம் அங்கேயே உடைந்துவிடும். ‘தே’ என்று போடலாம். ஆனால் ஒருவரைச் சொல்கிறதா, பலரைச் சொல்கிறதா என்று பார்வையாளர் ஒரு கணம் தடுமாறுவார். அதனால் பிரதியை முடித்த பிறகு மொழிபெயர்ப்பாளரைத் தேடாமல், ஒத்திகையின் முதல் நாளே அவரைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.